சுற்றாத பம்பரம் பம்பரமா?

பம்பரம் எதற்காகச் செய்யப்பட்டது? இது என்ன கேள்வி என்று நீங்கள் சிரிக்கலாம். சுற்றுவதற்காகத்தான். சாட்டையைச் சுற்றி வீசி இழுத்தால், பம்பரம் ஆணி முனையில் அசைவே தெரியாமல் நின்று சுழலும். வேகம் குறையக் குறையத் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமிடும். பிறகு தள்ளாடி விழும். இவ்வளவும் சேர்ந்ததுதான் பம்பரம்.

இதே பம்பரத்தை ஒரு கண்காட்சியில் வைத்தால் என்ன ஆகிறது? கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மரத்துண்டு ஒருக்களித்துக் கிடக்கும். அருகில் ஒரு சீட்டு: "பம்பரம். மரம், இரும்பு ஆணி." பம்பரத்தை அறியாத அயல்நாட்டார் ஒருவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, அதை ஏதோ ஒரு சமையலறைக் கருவி என்று எண்ணிப் போனாலும் வியப்பதற்கில்லை.

பழைய விளையாட்டுப் பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பதும் அவற்றை அழகாக அடுக்கி வைப்பதும் இன்று உலகெங்கும் பரவியுள்ள பொழுதுபோக்கு. அது நல்ல பொழுதுபோக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. தபால்தலை சேர்ப்பவர்களைப் போலவே பொம்மை சேர்ப்பவர்களும் வரலாற்றைக் காக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் பொம்மையின் உடலை மட்டும் காக்கிறார்கள். அதன் இயக்கத்தை விட்டுவிடுகிறார்கள். இயக்கத்தையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அது சேகரிப்பு என்ற பெயருக்குத் தகும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். சரிதானா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

களிமண் இருக்கிறது, கயிறு எங்கே?

முதலில் மிகப் பழைய பொம்மைகளைப் பார்ப்போம். சிந்துவெளி நகரங்களான மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்திய சுடுமண் பொம்மைகள் ஏராளமாகக் கிடைத்தன. ஊதினால் ஒலிக்கும் பறவை வடிவ ஊதல்கள், சின்னஞ்சிறு வண்டிகள், தலையாட்டும் காளை ஆகியவை அவற்றில் உண்டு. காளையின் தலை தனியாகச் செய்யப்பட்டு, கழுத்துக்குள் ஆடும்படி பொருத்தப்பட்டிருந்தது. கயிற்றை இழுத்தால் தலை ஆடும். வண்டிகளின் சக்கரங்கள் சுடுமண்ணால் ஆனவை.

இவற்றில் இன்று நம் கையில் இருப்பவை எவை? சுட்ட களிமண் நிலைத்தது. கயிறு மட்கிப்போயிற்று. சக்கரங்களை இணைத்த மர அச்சும் மட்கிப்போயிற்று. துளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் ஆராய்ந்துதான் இது இப்படி ஆடியிருக்கும், இது இப்படி ஓடியிருக்கும் என்று அறிஞர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நம் ஊர்ப்பக்கமும் இதே கதைதான். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நடந்த அகழாய்வில் பகடைக் காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அகழாய்வுப் பொருள்களை நீங்கள் நேரில் பார்க்கலாம். சில்லு கிடைத்துவிட்டது. ஆனால் தரையில் எத்தனை கட்டம் போட்டார்கள்? எந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது? தோற்றவருக்கு என்ன தண்டனை? ஓட்டுச்சில்லு இதற்கெல்லாம் விடை சொல்லாது.

அந்தக் காலத்து மக்கள் எழுதி வைக்கவில்லையே என்று நாம் வருந்துகிறோம். நாம் மட்டும் நம் காலத்துப் பொம்மைகளைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

பிரிக்காத பெட்டியின் விலை

இனி இன்றைய சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்பும் பொம்மைகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனி நாட்டில், குறிப்பாக நூரம்பர்க் நகரில், தகரப் பொம்மைத் தொழில் செழித்தது. வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் வண்ணப் படங்களை அச்சிட்டு, வெட்டி, மடித்துப் பொம்மையாக்கினார்கள். உள்ளே ஒரு சுருள்வில்லும் சில பற்சக்கரங்களும் இருக்கும். சாவி கொடுத்தால் கார் ஓடும்; குரங்கு மேளம் தட்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் இத்தொழிலில் முன்னணிக்கு வந்தது. தெருஹிசா கிதஹாரா என்ற சேகரிப்பாளர் 1986-ஆம் ஆண்டு யோகஹாமா நகரில் தகரப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

இப்படிப்பட்ட பொம்மைகள் ஏலத்துக்கு வரும்போது ஒரு விந்தையைக் காணலாம். குழந்தை விளையாடித் தேய்ந்த பொம்மைக்கு விலை குறைவு. அச்சு மாறாத அட்டைப் பெட்டிக்குள், யாரும் கைபடாமல் கிடந்த பொம்மைக்குத்தான் விலை அதிகம். அதாவது, எந்தப் பொம்மை தன் வேலையைச் செய்யவே இல்லையோ அதற்குத்தான் முதல் மரியாதை!

வாங்குபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரிதானதற்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. ஆனால் சந்தை மதிப்பையே நம்முடைய மதிப்பாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ஆம் ஆண்டு ஒரு பொம்மைக்குக் காப்புரிமை பெற்றார். சம இடைவெளியில் துளையிட்ட உலோகப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள் ஆகியவற்றைக் கொண்டு பாலம், பாரந்தூக்கி, வண்டி என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். 'மெக்கானோ' என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. 1934-ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற அறிஞரும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளையே கொண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு கணிப்பொறியை அமைத்தார்கள். அணு அமைப்பு பற்றிய கணக்குகளுக்கு அது பயன்பட்டது. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இயற்பியலில் பொம்மைக்கு எப்போதுமே மதிப்பு உண்டு. 1950களில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் புகழ்பெற்றது. சுவீடன் நாட்டு லுண்டு நகரில், நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரும் உல்ஃப்காங் பௌலியும் குனிந்து தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தரையில் இருப்பது ஒரு தலைகீழ்ப் பம்பரம். காளான் போன்ற அந்தப் பம்பரத்தைச் சுற்றிவிட்டால், சற்று நேரத்தில் அது தானாகவே கவிழ்ந்து, காம்பு கீழே வரும்படி நின்று சுழலும். அப்போது அதன் ஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது. அதற்கான ஆற்றல் சுழற்சியிலிருந்து வருகிறது. கவிழ்க்கும் வேலையைத் தரையின் உராய்வு செய்கிறது. இதைப் பேழைக்குள் வைத்துப் பூட்டினால் அது வெறும் மரக்காளான்தான்.

மறுதரப்பு வாதம்

அப்படியானால் எல்லாப் பேழைகளையும் திறந்து, பழைய பொம்மைகளை எல்லாருடைய கையிலும் கொடுத்துவிடலாமா? கூடாது. மறுதரப்பிலும் வலுவான நியாயம் இருக்கிறது. அதற்குத் திப்புவின் புலியே சாட்சி.

மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்காக 1790களில் செய்யப்பட்ட இயந்திரப் பொம்மை அது. ஏறத்தாழ உயிர்ப்புலி அளவு உள்ள மரப்புலி, கீழே கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன் மேல் பாய்ந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும், புலி உறுமும், மனிதன் ஓலமிடுவான், அவன் கை மேலும் கீழும் அசையும். புலியின் வயிற்றுக்குள் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் ஓர் ஆர்கன் வாத்தியமும் உண்டு. 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை எடுத்துச் சென்றார்கள். லண்டனில் கம்பெனி மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் கைப்பிடியைச் சுற்றினார்கள். பக்கத்தில் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஓயாத தொல்லை! பொறி பழுதாகிக்கொண்டே போயிற்று. ஒருநாள் கைப்பிடியும் காணாமற்போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது உடைந்து சிதறி, பின்னர் ஒட்டிச் சீராக்கப்பட்ட அந்தப் புலி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அளவின்றிக் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

பொம்மை செய்த பொருள்களும் நம்மை எச்சரிக்கின்றன. துத்தநாகக் கலவை உலோகத்தை வார்த்துச் செய்த பழைய கார்ப் பொம்மைகள் சில, யாரும் தொடாமலே வெடித்து நொறுங்குகின்றன. வார்க்கும்போது சிறிதளவு காரீயம் கலந்துவிட்டாலே போதும். பல ஆண்டுகளில் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு பரவி, பொம்மை பருத்து விரிசல் விடும். இதற்கு மருந்து இல்லை. செல்லுலாய்டு பொம்மைகள் வேறு வகை. நைட்ரோ செல்லுலோஸுடன் நாம் அறிந்த கற்பூரத்தைச் சேர்த்துச் செய்த பொருள் அது. எளிதில் தீப்பற்றும். நாளடைவில் சிதைந்து, அமில ஆவியை வெளியிட்டு அண்டை அயலில் உள்ள பொம்மைகளையும் கெடுக்கும். இவற்றோடு வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். பழைய வண்ணப் பூச்சுகளில் காரீயம் இருக்கக்கூடும். அதனால் பழம்பொம்மைகளைச் சிறு குழந்தைகள் வாயில் வைக்க விடக்கூடாது. நீங்களும் தொட்டபின் கை கழுவ வேண்டும். அவற்றைச் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

மூலத்துக்கு ஓய்வு, நகலுக்கு வேலை

இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டபின் எனக்குத் தோன்றும் தீர்ப்பு இது: மூலப் பொம்மை ஓய்வெடுக்கட்டும், அதன் நகல் வேலை செய்யட்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல குறிப்பு அட்டை இருக்கட்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சேகரிப்பு முழுமை பெறாது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையே எடுத்துக்கொள்வோம். 2008-09-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. ராஜா ராணி வடிவில் செய்யப்படும் வகையின் அடிப்பாகம் வளைந்தும் கனமாகவும் இருக்கும். எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும். ஏன்? பொம்மையின் ஈர்ப்பு மையம், அடிப்பாக வளைவின் மையத்துக்குக் கீழே இருக்கிறது. சாய்க்கும்போது ஈர்ப்பு மையம் சற்று மேலே ஏறுகிறது. நிலை ஆற்றல் கூடுகிறது. கையை எடுத்ததும் நிலை ஆற்றல் மிகக் குறைவாக உள்ள நிமிர்ந்த நிலைக்கே பொம்மை திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் மறுபக்கம் சாய்ந்து, இப்படிச் சிலமுறை ஆடி, உராய்வினால் ஓய்கிறது.

இந்தப் பொம்மையைப் பீடத்தில் பசை போட்டு ஒட்டி வைத்தால், பார்ப்பவருக்கு ராஜாவின் மீசை தெரியும். ராஜாவின் வித்தை தெரியாது. அதற்குப் பதிலாக, பழைய பொம்மையைப் பேழையில் வைத்துவிட்டு, பக்கத்தில் புதிய பொம்மை ஒன்றைச் சாய்த்துப் பார்க்க வையுங்கள். கூடவே, குறுக்காக வெட்டியது போன்ற படம் ஒன்றை வரைந்து ஈர்ப்பு மையத்தைக் குறித்துக் காட்டுங்கள். பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து எழுதுங்கள். பார்க்க வந்தவர் பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிடுவார்.

இது வெறும் கனவல்ல. லண்டனில் குழந்தைப் பருவ அருங்காட்சியகமாக இருந்த ஒன்று, 2023-ஆம் ஆண்டு 'யங் வி அண்டு ஏ' என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, பழம்பொருள்களோடு பிள்ளைகள் கைவைத்து விளையாடவும் இடம் ஒதுக்கியது. நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய சுதர்சன் கன்னா, இயங்கும் நாட்டுப்புறப் பொம்மைகளைத் தேடி, அவற்றைச் செய்யும் முறையைப் படங்களோடு நூலாக்கினார். புனேயில் பல ஆண்டுகள் உழைத்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியிலும் பழைய காகிதத்திலும் அறிவியல் பொம்மைகளைச் செய்து காட்டினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செய்முறையைக் காப்பாற்றினால் பொம்மை எத்தனை முறை உடைந்தாலும் மீண்டும் பிறக்கும் என்பதை இவர்கள் நமக்கு உணர்த்தினார்கள்.

விலையில்லாப் பொம்மைகள்

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஜெர்மன் தகரக் காருக்குச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஏலக் கடைகள் இருக்கின்றன; வண்ணப் படங்களோடு நூல்களும் இருக்கின்றன. நுங்கு வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? பனையோலைக் காற்றாடிக்கு? ஓலையால் முடைந்த கிலுகிலுப்பைக்கு? கடைசல் பிடித்த மர நடைவண்டிக்கு? திருவிழாக் கடையில் விற்ற தகரப் படகுக்கு?

அந்தத் தகரப் படகு சாதாரணப் பொருள் அன்று. உள்ளே விளக்கேற்றித் தண்ணீரில் விட்டால் டபடப என்று ஒலியெழுப்பி ஓடும். 1891-ஆம் ஆண்டிலேயே தாமஸ் பியோ என்பவர் இவ்வகைப் படகுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதில் சுழலும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. சிறு கொதிகலனும் பின்பக்கம் நீளும் குழாய்களும் மட்டுமே. கொதிகலனில் உண்டாகும் நீராவி, குழாயிலுள்ள நீரைப் பின்னால் தள்ளும். நீராவி குளிர்ந்ததும் அதே அளவு நீர் உள்ளே வரும். அப்படியானால் படகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அல்லவா நிற்க வேண்டும்? வெளியேறும் நீர் ஒரே திசையில் தாரையாகப் பாய்கிறது. உள்ளே வரும் நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருகிறது. இந்த வேறுபாட்டினால்தான் படகு முன்னேறுகிறது. ஒரு வகுப்பு முழுவதும் பேசலாம், அவ்வளவு இயற்பியல் அதில் அடங்கியிருக்கிறது. ஆனாலும் உடைந்ததும் குப்பையில் போட்டுவிடுகிறோம். விலை குறைந்தது என்பதுதான் காரணம்.

விலை உயர்ந்த பொம்மையைக் காப்பாற்றப் பணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். விலையில்லாப் பொம்மையைக் காப்பாற்றும் பொறுப்பு மாணவர்களாகிய உங்களுடையது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பலரும் வயதானவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள நம்மிடம் இருக்கும் காலம் குறைவு.

எங்கிருந்து தொடங்குவது?

பொம்மைகளை அடுக்கிக் காட்டுவது நமக்குப் புதிதன்று. நவராத்திரி வந்தால் பல வீடுகளில் கொலு வைக்கிறார்கள். பாட்டி காலத்து மரப்பாச்சியும் மண்பொம்மையும் பரணிலிருந்து இறங்கும். பழந்துணியில் சுற்றிப் பக்குவமாக மீண்டும் பரணேறும். அந்தப் பக்குவம் நல்ல பாதுகாப்பு முறைதான். அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் அதன் பெயர் என்ன, எதனால் செய்தது, யார் செய்தார், நீளமும் எடையும் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு முக்கியமானவற்றை எழுதுங்கள். அதை எப்படி இயக்குவார்கள்? எவ்வளவு நேரம் ஓடும்? என்ன ஒலி வரும்? விளையாட்டின் விதிகள் என்ன? உடைந்தால் எப்படிச் சீராக்கினார்கள்? முடிந்தால் செய்முறையைப் படிப்படியாக வரையுங்கள். கைப்பேசி இருந்தால் ஓடும்போது படம் பிடியுங்கள்.

பழைய பொம்மை கிடைத்தால் புது வண்ணம் பூசாதீர்கள். குழந்தையின் கை தேய்த்த இடமும் ஒரு சான்றுதான். சாவிப் பொம்மையை வைக்குமுன் வில்லை முழுதும் தளரவிடுங்கள். மின்கலம் போட்ட பொம்மையானால் மின்கலத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஓர் அலமாரித் தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தட்டு போதும். மேலே மூலப் பொம்மைகள், கீழே மாணவர்கள் செய்த நகல்கள், நடுவே குறிப்பு அட்டைகள். ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள், ஊசலும் நெம்புகோலும் ஆற்றல் மாற்றமும் பாடத்தில் வரும்போது அவர்களே அங்கிருந்து பொம்மையை எடுத்துப்போவார்கள்.

முதல் வேலையாக இந்த வாரமே உங்கள் தெருவில் உள்ள வயது முதிர்ந்த ஒருவரிடம் போய், "நீங்கள் சின்ன வயதில் எதை வைத்து விளையாடினீர்கள்? அதை எனக்குச் செய்து காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். நோட்டையும் பேனாவையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.